பத்தொன்பது பாகை

கடிதம் வந்த காலையில் சாம்பவியும் கஜீபனும் வீட்டுச் சூட்டைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வருடமாக நடக்கும் சண்டை. பத்தொன்பது பாகை போதும் என்பார் அவர். இருபத்திரண்டு வேண்டும் என்பாள் அவள். கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் இருவரும் குசினிச் சுவரிலிருந்த நாடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தார்கள். முதலில் அவர், பிறகு அவள். பலகை எப்போதும்போலப் பச்சையாக மின்னி அணைந்தது. நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோ நகரத்தில் அந்த நேரம் எல்லா வீடுகளிலும் யாராவது ஒருவர் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி நிற்பார்கள். பல் தீட்டுவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

"கம்பளிச் சட்டையைப் போடும். வீட்டைச் சுடவைக்கிறதிலும் ஆளைச் சுடவைக்கிறது லேசு" என்றார் அவர்.

"உங்கடை பழைய இரும்பைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, மற்ற ஆக்களைப் போல ஒரு மிசினைப் பூட்டியிருந்தா, நான் வாயாலை சொல்லச் சூடு ஏறும்."

பழைய இரும்பு என்று அவள் சொன்னது நிலவறையில் இருந்த கொதிகலனை. அவருடைய தகப்பன் வேலை செய்த மீன் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது கழற்றிக்கொண்டு வந்தது. அதற்கு இரண்டு திருகுகள், சிவப்பும் கறுப்பும். எதை எவ்வளவு, எதற்குப் பிறகு எதைத் திருப்புவது என்பது அவருக்கு மட்டும் தெரியும். மாற்றித் திருப்பினால் வீடு முழுக்கக் குழாய்கள் இடிபடும். அவள் ஒருமுறை முயன்று பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்த பிறகு, அந்தப் பக்கமே போவதில்லை.

அப்போதுதான் கதவிடுக்கு வழியாகக் கடித உறை விழுந்தது. அந்தக் காலத்தில் தாளில் வருகிற கடிதம் ஒன்றே ஒன்றுதான். அவர் குனிந்து எடுத்தார். சூட்டைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில் நின்றது.

மே நடுவில் படகு ஏறினார்கள். இருபது இணைகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாகக் கிழக்கே ஆறு நாள் போய்த் திரும்பும் சத்தமில்லாத மின்படகு. சாம்பவி சிறுமியாக இருந்தபோது மே மாதத்திலும் அந்த மலைகளில் பனி கிடக்கும். இப்போது பனி இல்லை. ஒக்டோபரில் தொடங்கும் மழை வசந்தம் முழுக்க நின்று பெய்தது. மேகத்துக்குப் பின்னால் சூரியன் மறையாமலே சுற்றிக்கொண்டிருந்தது. எப்போது பார்த்தாலும் ஒரே சாம்பல் வெளிச்சம், ஒரே ஈரம். கண்ணாடிக்கு வெளியே கைவிடப்பட்ட மீன்பிடி ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

படகில் எவரும் எவரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் வந்திருந்தது.

கைநாடியை வைத்து ஆளின் முடிவைக் கணிக்கும் நாடிப்பலகை வந்த தொடக்கத்தில், அரசாங்கத்தார் ஒவ்வொருவருக்கும் நேரடியாகவே சொன்னார்கள்: இன்னும் ஒரு வருடத்துக்குள் உங்கள் முடிவு. கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த நாள் வருமுன்பே சாப்பாட்டை விட்டு ஒடுங்கிப்போனார்கள். பிறகு சொல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். தெரிந்தும் மறைத்தீர்களே என்று மிஞ்சியவர்கள் நீதிமன்றம் போனார்கள். களைத்துப்போன பாராளுமன்றம் ஒரு நடுவழி கண்டது. தனியாளுக்குச் சொல்லக்கூடாது, இணைக்குச் சொல்லலாம். கடிதத்தில் இருந்தது இதுதான்: அடுத்த வசந்தத்துக்குள் உங்கள் இருவரில் ஒருவர் இருக்கமாட்டார். எவர் என்பது அறிவிக்கப்படாது. ஆயத்தங்களைச் செய்துகொள்ளுங்கள். அதன் கீழே, படகுப் பயணத்துக்கான அன்பளிப்புச் சீட்டு.

சாம்பவிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். போகிறவள் தானாக இருக்கவேண்டும். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. மிஞ்சி இருக்க அவளுக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். படிகளில் ஏறும்போது யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறது என்று காதைக் கொடுத்தாள். தனக்கு வாங்கினால் ஆறுதல். அவர் இருமினால் அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது. இப்படிக் கவனித்துக் கவனித்தே உடம்பு அலுத்துப்போயிருந்தது.

போகிறவர் தானாக இருக்கவேண்டும் என்றே அவரும் எண்ணியிருந்தது இரண்டாம் நாள் வெளியே வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்தார். கொதிகலனின் படம். சிவப்புத் திருகு, கறுப்புத் திருகு, அம்புக்குறிகள், எண்கள்.

"இஞ்ச பாரும், அஞ்சு நிமிசம். முதல்ல சிவப்பு, கால் சுற்று—"

"எனக்கென்னத்துக்கு? நீங்கள் இருக்கிறியள்தானே."

"சும்மா தெரிஞ்சு வைச்சிரும்."

"நான் பழகமாட்டன்" என்று அவள் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளிவிட்டாள். பழகுவதென்றால் ஒப்புக்கொள்வது. அவர் போவார், நான் இருப்பேன் என்று கையெழுத்துப் போடுவது. பதிலுக்கு அவள் பெட்டியிலிருந்து மிளகாய்த்தூளையும் மஞ்சளையும் எடுத்து வைத்து, படகின் குசினியில் இரண்டு சமையலாவது பழகுங்கள் என்றாள். முட்டை அவிக்க மட்டும் தெரிந்த மனிதர் அவர். அவரும் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

இதையெல்லாம் பக்கத்து மேசையிலிருந்து ஓட்வாரும் பெரித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பதைத் தொட்ட நோர்வே இணை. பாஷை விளங்காவிட்டாலும் சண்டை விளங்கிவிட்டது. அவர்களிடம் வேறு முறை இருந்தது. ஒவ்வொரு காலையும் நாணயம் சுண்டுவார்கள். யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் அன்றைக்குப் போகிறவர். ஜன்னலோர நாற்காலியும் கடைசித் துண்டுக் கேக்கும் அவருக்கு. அடுத்த காலை மறுபடியும் சுண்டுவார்கள். மூன்றாம் நாள் காலை, ஓட்வார் படகேறிய நாளிலிருந்து தொடர்ந்து செத்துக்கொண்டிருக்கிறார், இதில் ஏதோ களவு இருக்கிறது என்று பெரித் முறையிட்டாள். கஜீபன் சிரித்தார். கடிதம் வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை. சாம்பவிக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் கிழக்கு முனையில் வார்டோ ஊரைத் தாண்டியபோது மழை பலத்தது. சாம்பவி படகின் குசினியில் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். கஜீபன் வந்து கதவோரம் நின்றார். நெடுநேரம் பானையையே பார்த்தார்.

"சொதிக்குத் தேசிக்காய்ப் புளி எப்ப விடுறது?"

அவளுடைய அகப்பை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"இறக்கின பிறகு" என்றாள். "கொதிக்கேக்கை விட்டால் பால் திரைஞ்சுபோம்."

"எத்தினை நிமிசத்துக்குப் பிறகு?"

"நிமிசக் கணக்கு இல்லை. ஆவி கொஞ்சம் அடங்கவேணும்."

"ஆவி அடங்கிறதெண்டால் எத்தினை பாகை?"

அவர் சட்டைப்பையைத் துழாவினார். அங்கிருந்தது அந்த ஒரே தாள்தான். கொதிகலன் படத்தின் மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினார்: தேங்காய்ப்பால் நானூறு மில்லிலீற்றர், பச்சை மிளகாய் மூன்று, நீளவாக்கில் கீறவும். எண்பது பாகை என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். அவள் அருகில் நின்று சொல்லிக்கொடுத்தாள். அன்றே அவரை இன்னொரு தடவை தனியாக வைக்கச் சொன்னாள். பால் திரைந்தது. ஐந்தாம் நாள் திரையவில்லை.

ஒரு வாரம் நித்திரை கொண்டு எழும்பியவள்போல அவளுக்கு இருந்தது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், போகப்போவது நான்தான். தளத்தில் மழையங்கியோடு உட்கார்ந்திருந்தபோது, தன்னுடைய பயம் போய்விட்டது என்று அவரிடம் சொன்னாள்.

"அது காணும், போதும்" என்றார் அவர். அவளுடைய கையைத் தன் மழையங்கிப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். அவருடைய கை சுட்டது.

சமையல் பழகுவதென்று அவர் எப்போது முடிவெடுத்தார் என்று அவள் பிறகு பலமுறை யோசித்தாள். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. பலகை எவருக்கும் சொல்வதில்லை. இருவரில் ஒருவர் பழகித்தான் ஆகவேண்டும், இவள் பழகமாட்டாள் என்று மட்டும் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

அந்தக் கோடையும் இலையுதிர்காலமும் சனிக்கிழமைகளில் சொதி அவருடையது. அவள் கதிரையில் இருந்து குறை சொன்னாள். உப்புக் கூட, மிளகாய் காணாது, அகப்பையைப் பிடிக்கிற பிடியைப் பார். தான் இல்லாத வீட்டில் அவர் இப்படியே ஒவ்வொரு சனியும் பானையோடு மல்லுக்கட்டுவதை நினைக்க அவளுக்கு ஒருவித நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமான நிம்மதி.

நவம்பரில், ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கடையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்துத் தரிப்பிடத்தில் கஜீபன் சரிந்து விழுந்தார். பை அவளிடம் வந்தபோது உள்ளே மூன்று தேசிக்காய்கள் இருந்தன. சொதி அடுப்பில் பாதியில் இருந்தது.

அதன் பிறகு ஒருநாள் ஒரு பெண் வந்து நாடிப்பலகையை ஒருவருக்கு மட்டுமாக மாற்றி அமைத்துவிட்டுப் போனாள். காலையில் சாம்பவி மட்டும் கையை வைக்கிறாள். பச்சையாக மின்னுகிறது. பலகைக்கு அவளுடைய நாளும் தெரிந்திருக்கலாம். ஆனால் இனி அவளுக்குக் கடிதம் வராது. தனியாளுக்குக் கடிதம் இல்லை.

தை மாதத்தில் பெரித்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. இப்போது ஜன்னலோர நாற்காலி எப்போதும் எனக்குத்தான் என்று ஒரே வரி. சாம்பவி பதில் எழுதத் தொடங்கி இன்னும் முடிக்கவில்லை.

இப்போது மறுபடியும் மே. வெளியே மழை. அவருடைய தாளைக் காந்தம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். சொதி எழுதிய பக்கம் வெளியே தெரிகிறது. எண்பது பாகை, கேள்விக்குறி. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சிவப்பு, கால் சுற்று. திருப்பிப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

அவள் இன்னொரு கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வீட்டில் பத்தொன்பது பாகை.