இரண்டாவது கால்

திரையில் இரண்டு கோடுகளும் அளவுக்கு மீறிப் பொருந்தின. அதுதான் அவளை முதலில் உறுத்தியது.

அவள் மேசையிலிருந்த மின்னணுச் சிப் ஒரே சேதியை இரண்டு உலோகக் கால்கள் வழியாக வெளியே அனுப்பும். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். அது எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து, கணினியில் ஓடும் மாதிரியாக எழுதித் தருவது அவள் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று மாதிரி கேட்பதில்லை. வெளியே தெரிவது போதும். ஆனால் நிஜச் சிப்பில் ஒரு கால் மற்றதைவிட இம்மியளவாவது பிந்தும். இதில் பிந்தவில்லை. சோம்பேறிகள் ஒரு காலை மட்டும் அளந்து, அதையே தலைகீழாக்கி இன்னொன்று என்று எழுதிவிடுவதுண்டு. போன முறை அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டாள். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். மாதிரி ஐந்து மணிக்குப் போயாக வேண்டும்.

"மீசை, ரெண்டாவது காலை அளந்தியா, இல்ல கவுத்துப் போட்டியா?"

சோதனைக்கூடத்தில் அவளோடு இருந்த ஒரே ஆளான உதவியாள் மீசை, கதவோரம் நின்றபடி சிரித்தான். "சத்தியமா அளந்தேன்க்கா. நல்லா வந்தாலும் திட்டுறீங்களே!"

"உன்னை நம்பி ஒரு தடவை பட்டது போதாதா?"

"அப்ப நீங்களே அளந்து பாருங்க. நான் வாயில விரல வச்சா கடிக்கத் தெரியாதவன்."

ஜன்னலில்லாத அந்த அறையில், குளிர்சாதனத்தின் ஓயாத இரைச்சலுக்கும் பற்றவைத்த ஈயத்தின் பிசின் வாடைக்கும் நடுவே, அவள் ஐந்து சிப்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, கம்பிகளை இடம் மாற்றி, அலைகளை வரைந்து காட்டும் ஸ்கோப்பை அணைத்துப் போட்டு, திரும்பத் திரும்ப அளந்தாள். ஒவ்வொரு முறையும் அதே படம். ஒன்று ஏற, மற்றது இறங்கியது. இம்மியும் பிசகவில்லை.

"நீ பொய் சொல்லல, மீசை," என்று எழுந்தாள்.

அவன் கதவுக்குச் சற்று முன்னால் கிடந்த நாற்காலியில் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

 குழம்பிப்போய் அவள் உட்கார்ந்தாள். அவன் எழுந்தான். மேசையிலிருந்து கையைத் தூக்கினாள். அவன் கை தாழ்ந்தது.

"விளையாடாதே."

அவன் சிரிக்கவில்லை. அவள் மூச்சை இழுத்தாள். அவன் மார்பு தணிந்தது. விட்டாள். உயர்ந்தது.

பிந்தவில்லை. துளியும்.

மெல்ல எழுந்தாள். அவன் அமர்ந்தான். இதுதான் சமயம் என்று கதவை நோக்கி ஓரடி வைத்தாள். நாற்காலியோடு அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். இன்னும் ஓரடி. நாற்காலியின் முதுகு கதவில் முட்டி அடைத்துக்கொண்டது. அவள் பின்வாங்கினாள். அவன் முன்வந்தான்.

அலறினாள். மூச்சு தீரும்வரை அலறினாள். அத்தனை நேரமும் அவன் மார்பு விரிந்துகொண்டே போனது.

குரல் அடங்கியது. மூச்சை இழுக்கப் பார்த்தாள். காற்று வரவில்லை.

எதிரே, நிரம்பிய மார்போடு, உதடுகளை இறுக மூடி, அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சை விடவில்லை.