ஹலாக்கே உட்காராத இருக்கை

மர்சபித் மலைமேல் மூடுபனி இன்னும் விலகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு லாரி பழைய ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துவந்து கல்கலோவின் பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போனது. மெக்கானிக் கல்கலோவுக்கு அது யார் வண்டி என்று பார்க்காமலே தெரிந்தது. ஸ்பிரிங் பட்டைகள் போடுகிற கிறீச் சத்தம் அவன் காதுக்குப் பழக்கம்.

அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஜட்டானி, கல்கலோவின் தங்கை கபாலேயின் புருஷன். போன மழைக்காலத்தில் துர்பி சாலையில் ஜீப் தடம் மாறிக் கருங்கல் பள்ளத்தில் உருண்டு அவன் செத்துப்போனான். வண்டிக்குள் சாராய பாட்டில் கிடந்ததாம். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். சொன்னால் யார் நம்பினார்கள்? கபாலேயின் பிள்ளைகளைத் தெருவில் குடிகாரன் பிள்ளை என்று கூப்பிட்டார்கள். மசூதிக்கு எதிரே அவள் டீ விற்கிறாள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் அவள் கடையைத் தாண்டிப் போய் அடுத்த கடையில் குடித்தார்கள்.

வண்டியின் சொந்தக்காரன் ஹலாக்கே, தொழுகைக்கு உடுத்திய வெள்ளை அங்கியோடு பின்னாலேயே வந்தான்.

"பாடியெல்லாம் தட்டி எடுத்தாச்சு கல்கலோ. ஸ்டியரிங்லதான் ஆட்டம். வலது பக்கமா இழுக்குது. சாயங்காலம் வண்டி வேணும், நாளைக்குச் சந்தைக்கு ஆள் ஏத்தணும்."

"ஊர்ல வேற பட்டறையே இல்லையா?"

"எவனும் தொடமாட்டேங்கிறான். ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நீயாவது பாரேன்."

கல்கலோ வேறு நேரமாக இருந்தால் ஸ்பேனரை விட்டெறிந்திருப்பான். ஆனால் இந்த வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கவேண்டும் என்று அவன் மச்சான் செத்த நாளிலிருந்து தவித்துக்கொண்டிருந்தான். ஹலாக்கே இத்தனை நாள் அதை வீட்டுக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தான். மச்சான் பெயரில் ஒட்டியிருக்கிற அழுக்கைத் துடைக்க ஏதாவது கிடைத்தால் இங்கேதான் கிடைக்கும்.

"சரி. உள்ள உக்காந்து ஸ்டியரிங்க ஆட்டு. நான் கீழ படுத்துப் பாக்கிறேன்."

ஹலாக்கே ஓர் அடி பின்னால் நகர்ந்தான். "தொழுகைக்கு நேரமாச்சு."

"பாங்கே இன்னும் சொல்லலயே."

"நான் அதுல உக்காரமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ." சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

வேறு ஆள் எங்கே இருக்கிறான்? பட்டறை ஆட்கள் எல்லோரும் குளித்து மசூதிக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்கலோ முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்துக்குக் கல் வைத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஜட்டானிதான் மேலே உட்காருவான். பேச்சே கிடையாது. அடியிலிருந்து ஸ்பேனரால் சேஸிஸை ஒருமுறை தட்டினால் திருப்பு, இரண்டுமுறை தட்டினால் நிறுத்து. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை.

பாங்கு ஒலித்து ஓய்ந்தது. தெரு அடங்கியது. வண்டிக்கடியில் பழைய ஆயில் நாற்றமும் ஈரமண் வாடையும் மட்டும் இருந்தன. எரிச்சலில், கை போன போக்கில், கல்கலோ சேஸிஸை ஒருமுறை தட்டினான்.

வலது ஸ்பிரிங் பட்டை மெல்ல அழுந்தியது, ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததைப்போல.

பிறகு ஸ்டியரிங் திரும்பியது.

"வந்துட்டியா? பயமெல்லாம் தெளிஞ்சு போச்சா?" என்றான் கல்கலோ, ஹலாக்கேதான் திரும்பி வந்தான் என்று நினைத்து. இரண்டுமுறை தட்டினான்.

நின்றது.

ஒருமுறை தட்டினான். திரும்பியது.

இந்தத் தட்டு ஹலாக்கேவுக்குத் தெரியாது. கல்கலோ தலையைச் சாய்த்துக் கதவுப் பக்கம் பார்த்தான். யாரும் நடந்துவந்த தடம் ஈரமண்ணில் இல்லை. முதுகுக்குக் கீழே சாக்கு சில்லிட்டது.

"மச்சான்?" என்றான், தனக்கே கேட்காத குரலில்.

அவ்வளவுதான். தட்டாமலே ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. இடமும் வலமும், வெறி பிடித்த வேகத்தில். இரண்டுமுறை தட்டினான். நிற்கவில்லை. மறுபடி தட்டினான். நிற்கவில்லை. முகத்துக்கு நேர்மேலே டிராக் ராடு, அதாவது ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டு, முன்னும் பின்னும் பாய்ந்தது. காய்ந்த சேறு கண்ணில் கொட்டியது. கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. தண்டின் நடுவில் ஒரு புடைப்பு தெரிந்தது.

வெளியே ஊர்ந்து தப்பிக்கத்தான் அவன் உடம்பு துடித்தது. ஆனால் கை அந்தப் புடைப்பைத் தொட்டது.

தொட்டதும் ஸ்டியரிங் நின்றுவிட்டது.

புது வெல்டிங். அதன் அடியில், விண்டு துருவேறிப்போன பழைய வெல்டிங். ஹலாக்கே முன்பே முறிந்த தண்டை ஒட்டவைத்துப் பெயிண்ட் அடித்து ஓடவிட்டிருக்கிறான். அது சாலையில் மறுபடி முறிந்திருக்கிறது. ஆள் செத்த பிறகும் அதே தண்டை எடுத்து மறுபடி ஒட்டியிருக்கிறான். கல்கலோவுக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நெஞ்சு முழுக்க ஆத்திரம்தான். சுத்தியால் அடித்து இரண்டு முனையையும் கழற்றி, தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

இருக்கையில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் பள்ளமாக அழுந்தியிருந்தது.

தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக ஹலாக்கே வந்தான். கல்கலோ தண்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது என்ன?"

"ராடு."

"ராடுன்னு எனக்குத் தெரியாதாடா? உன் வண்டியில இருக்கிற ராடு என் மச்சான் உயிரோட இருந்தப்பவே முறிஞ்சிருக்கு. ஒட்டவெச்ச கம்பிய அவன் கையில குடுத்து அனுப்பிச்சிருக்க. அவன் செத்ததும் குடிகாரன்னு பேரு கட்டிட்ட."

"எல்லாரும் ஒட்டவெச்சுத்தான் ஓட்டறாங்க."

"மசூதி வாசல்ல வந்து அதச் சொல்லு. எல்லாரும் இருக்காங்க."

"சொல்லி? செத்தவன் எழுந்து வரப்போறானா? ராடக் குடு, வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன்."

"குடுக்கமாட்டேன். ராடு இல்லாம வண்டி திரும்பாது."

"சரிவுலதான நிக்குது. நேரா எங்க வீட்டு வாசல் வரைக்கும் உருளும். நீ யார்றா என்னைத் தடுக்க?" ஹலாக்கே சக்கரத்தின் கல்லை உதைத்துத் தள்ளினான். ஏறி உட்கார்ந்து பிரேக்கை விடுவித்தான். கோபத்தில், தான் எங்கே உட்கார்கிறோம் என்பதை மறந்துவிட்டான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஜீப் நகர்ந்தது. ஹலாக்கே ஸ்டியரிங்கைப் பிடித்தான். அது அவன் கையில் வெறுமனே சுழன்றது. தண்டு கல்கலோவின் கையில் இருந்தது. ஆனாலும் முன்சக்கரங்கள் திரும்பின.

மெதுவாக. வலது பக்கம். மசூதியை நோக்கி.

"பிரேக்கு பிடிக்கல," என்று ஹலாக்கே உள்ளேயிருந்து அலறினான். தொழுதுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் சிதறியது. ஜீப் கபாலேயின் டீக்கடைக்கு முன்னால் வந்து, சரிவிலேயே, பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. ஹலாக்கே கதவை உலுக்கினான். திறக்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவன் ஏதோ பார்த்திருக்க வேண்டும். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"நான்தான் ஒட்டவெச்சேன்," என்றான் உள்ளேயிருந்து. பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "ராடு முறிஞ்சுதான் உருண்டுது. அவன் குடிக்கல. பாட்டில நான்தான் போட்டேன். வண்டி உருண்ட எடத்துக்கு முதல்ல போனது நான்தான். விட்டுடு, என்னை விட்டுடு."

கதவு திறந்தது. அவன் தெருவில் விழுந்து, எழுந்து, ஓடினான். ஒருத்தரும் அவனைத் தூக்கப் போகவில்லை.

கபாலே கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. கூட்டத்தைத்தான் முதலில் ஒரு சுற்றுப் பார்த்தாள். "கேட்டீங்களா? எல்லாருக்கும் காது கேட்டுச்சா?" என்றாள். பெரிய மனிதர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ஒருத்தர் அவள் கடையில் போய் டீ கேட்டார். "உனக்கு இல்ல, போ," என்றாள்.

அப்போது ஜீப்பின் இடது பக்கக் கதவு, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு, அவளுக்கு நேரே மெல்லத் திறந்தது.

காலி இருக்கையை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரமாட்டேன்," என்றாள். "பிள்ளைங்களுக்குச் சோறு போடணும். நீங்க போங்க."

கல்கலோ அவளைத் தோளில் அணைத்துப் பின்னால் இழுத்தான். பிறகு போய், ஒரு கையால் அந்தக் கதவைத் தள்ளிச் சாத்தப் பார்த்தான். பாதிதான் போனது. தண்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தள்ளினான்.

உள்ளேயிருந்து யாரோ அதே பலத்தோடு திருப்பித் தள்ளினார்கள்.