நான்காவது பதக்கம்

அன்று அந்தச் செவிலிமேட்டு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நகராட்சித் தேர்தலில் நின்ற ஆதிகேசவன், பர்மா போருக்குப் போய் வந்தவன். அவன் அக்கா ரேணுகாம்பாள், கணவன் இறந்தபின் பன்னிரண்டு வருஷம் நெசவாளர் வீடுகளில் கூலிக்குப் பட்டு இழை பிணைத்தவள். அவர்களுடைய சித்தப்பா பரசுராமன், ஓய்வுபெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். எதிர்க்கட்சி அனுப்பிய நெசவாளி குமாரசாமி. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர், முன்னாள் சுபேதார் கண்ணாயிரம்.

1969. காலை ஏழு மணி.

ஆதிகேசவன் மேடைகளில் காட்டிய நான்கு போர்ப் பதக்கங்களும் பழைய சாமான் விற்கும் மூர் மார்க்கெட்டில் வாங்கியவை என்று எதிர்க்கட்சி சுவரெல்லாம் எழுதியிருந்தது. பதினொரு மணிக்குக் கூட்டத்தின் முன்னால் கண்ணாயிரம் அவற்றின் விளிம்பில் வெட்டியிருக்கும் பெயர்களைப் படிப்பதாக ஏற்பாடு. பரசுராமன் படித்துப் பார்க்கவில்லை. சொந்த அண்ணன் மகனைச் சோதிப்பதே இழுக்கு என்று நினைத்தார். நான்கையும் தகரப் பெட்டியில் வைத்து, குமாரசாமி கொண்டுவந்த பட்டுக் கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார்.

"எங்க வம்சத்துல பொய் சொன்னவன் கிடையாது. இது என் பேர் மேல ஆணை."

ஒன்பது மணிக்குத் தெருவில் ஊர்வல மேளம் கேட்டது. பெட்டியைக் கூடத்தில் விட்டுவிட்டு ஆண்கள் வாசலுக்குப் போனார்கள்.

பத்தே முக்கால். முத்திரை அப்படியே இருந்தது. கூட்டத்தின் முன் வைக்குமுன் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கந்தலில் சுற்றிய பழைய பூட்டு ஒன்றுதான்.

வெளியே கூட்டம் இரைந்தது. பரசுராமனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கயிற்றை விரல்களுக்கிடையே இழுத்துக்கொண்டே கூடத்தில் நடந்தார். ஓரிடத்தில் விரலில் சாம்பல் ஒட்டியது.

"அறுத்துட்டு, முடிச்சே போடாம இழை இழையா முறுக்கிச் சேர்த்திருக்குது" என்றார்.

"அது நெசவுக்காரன் வேலை. விரல்ல சாம்பல் தொட்டுத்தான் இழையை முறுக்குவாங்க" என்றார் கண்ணாயிரம். எல்லோரும் குமாரசாமியைப் பார்த்தார்கள்.

"நடுவுல நீ உள்ள வந்தியா?" என்று கேட்டார் பரசுராமன்.

"தண்ணி குடிக்க வந்தேன் ஐயா. கூடத்தோட சரி."

"ரேணுகா, நீ?"

"அடுப்படியில இருந்தேன் சித்தப்பா."

"குமாரசாமி, வெளியிடத்துல இழை அறுந்தா சாம்பலுக்கு இன்னா பண்ணுவே?"

குமாரசாமி நெற்றியில் பூசியிருந்த திருநீற்றைத் தொட்டுக் காட்டினான். "இதுக்குன்னு அடுப்பைத் தேடிக்கினு போவாங்களா? சாமியே குடுத்துட்டாரு."

மூன்று பட்டையும் காலையில் பூசியபடி கலையாமல் இருந்தன. பரசுராமன் விரலை வெளிச்சத்தில் நீட்டினார். சாம்பலில் கருகிய உமித் துணுக்குகள்.

"திருநீறு வெள்ளையா இருக்கும். இது உமி எரிஞ்ச சாம்பல். நாமம் போடுற வீடு இது, திருநீறு கிடையாது. இழை பிணைக்கத் தெரிஞ்சவங்க இங்க ரெண்டே பேர். அதுல உமி அடுப்புகிட்ட இருந்தது ஒருத்திதான்."

அவர் குரல் இறங்கியது. "ஏன்மா?"

ரேணுகாம்பாள் உமி மூட்டைக்குள் கைவிட்டுப் பதக்கங்களை எடுத்து வைத்தாள். "மூணுதான் தம்பியோடது. நாலாவது முனுசாமியோடது. போர்ல தம்பி பக்கத்துல நின்னு செத்தவன். நீங்க அரக்கு வெச்ச பிறகுதான் தம்பி எங்கிட்டச் சொன்னான். காணாம போச்சுன்னா எதிரி மேல பழி போவும். உங்க பேரு நிக்கும்னு..."

ஆதிகேசவன் தலை நிமிரவில்லை.

பரசுராமன் துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலுக்குப் போய், கூட்டத்திடம் ஒன்றையும் விடாமல் சொன்னார். முத்திரை தன்னுடையது என்பதையும் சொன்னார். பதினொன்றேகாலுக்கு மேளம் நின்றது.

ஆதிகேசவன் போருக்கே போகவில்லை என்று இன்றும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவன் போனான், சண்டை போட்டான். மூன்று பதக்கங்கள் அவனுடையவை. நான்காவது பக்கத்து ஊரான ஓரிக்கையில், முனுசாமியின் மனைவி காந்தாவிடம் இருக்கிறது.