டப்பாவில் இல்லாத விஷம்

சாப்பாட்டு டப்பா ஒன்றை டாக்டரம்மாவின் மேஜையில் டொக்கென்று வைத்தார் அண்ணன்காரர். ஊருக்கெல்லாம் ஒழுக்கம் உபதேசிப்பவர். மேடை கிடைத்தால் இறங்கமாட்டார்.

"என் தம்பிக்கு மஞ்சக்காமாலை. இவதான் சோத்துல விஷம் வெச்சிருக்கா. நீங்க எழுதிக் குடுத்தா நேரா போலீஸுக்குப் போறேன்."

'இவள்', தம்பியின் மனைவி, வாசலோரம் வெளிறிப்போய் நின்றாள். ஊர் ஊராகச் சுற்றி டயர் விற்கும் தம்பியோ, மனைவிக்காக ஒரு வார்த்தை பேசாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி கட்டிலில் கிடந்தார். வியர்த்து ஊற்றும் வெயிலிலும் காலில் சாக்ஸ். கைகள் இரண்டும் அக்குளுக்குள்.

"டப்பாவை நான் பாக்கறேன் மேடம்!" என்று துள்ளினார் லேப்காரர்.

"அது கிடக்கட்டும். ரிப்போர்ட்டைப் படிங்க."

ஈரல் செல்கள் சாகும்போது ஏறும் என்சைம் கொஞ்சமே ஏறியிருந்தது. பித்தம் ஓடும் வழி கெடும்போது ஏறுவதோ ஆறு மடங்கு. சிறுநீரில் ஏகப்பட்ட புரதம். போதாததற்கு ஒரு கண் சிவந்து பார்வை மங்கல்.

"ஈரலைக் கொல்ற விஷம்னா முதல் கணக்குதானே எகிறணும்? சாக்ஸைக் கழட்டுங்க. கையையும் காட்டுங்க."

உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் செம்பு நிறப் புள்ளிகள்.

லேப்காரர் வாய் பிளந்தார். "சிபிலிஸா? அந்த டெஸ்ட் நெகட்டிவ்னு நானே எழுதினேனே!"

"நீர்க்க வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்... வேலை சீக்கிரம் முடியட்டும்னு..."

"ரத்தத்துல எதிர்ப்பொருள் அளவுக்கு மிஞ்சிட்டா டெஸ்ட் திணறிப்போய் ஒண்ணுமில்லைன்னு காட்டும். உப்புநீர் கலந்து படிப்படியா நீர்க்க வெச்சுப் பாருங்க."

அரை மணியில் அசடு வழியத் திரும்பினார். நூற்று இருபத்தெட்டு மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ்.

டாக்டரம்மா கட்டிலைப் பார்த்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ரெண்டு மாசம் முன்னாடி வெளியூர்ல தப்புப் பண்ணேன். புண்ணு வந்துச்சு. வலிக்கல, தானா ஆறிடுச்சு. புள்ளி வந்தப்பவே சந்தேகம்தான். அண்ணன் இவ மேல பழி போட்டதும்... அப்படியே இருந்துட்டேன்."

கட்டியவள் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, தன் சாக்ஸ் கழலக்கூடாது! இப்படியும் ஓர் ஆண்பிள்ளை.

"ஈரல், கிட்னி, கண்ணு மூணையும் ஒரே நோய்தான் பிடிச்சிருக்கு. பென்சிலின்ல அடங்கும். கண்ணுலயும் இருக்கறதால இன்னைக்கே ஆரம்பிக்கணும்," என்றார் டாக்டரம்மா.

"வெளிய தெரிஞ்சா எங்க மானம் என்னாகும்?" என்று முனகிய அண்ணன்காரர், டப்பாவைப் பைக்குள் திணித்தார். சற்றுமுன் போலீஸ் வரைக்கும் போகவிருந்த அதே மானம்தான்.

"அம்மா, இது புருஷன்கிட்டேர்ந்து உங்களுக்கும் தொத்தியிருக்கலாம். உங்க ரத்தத்தையும் பாக்கணும்."

அவள் மேஜையருகே வந்து கையை நீட்டினாள். டாக்டரம்மா லேப்காரரிடம், "இதையாவது நீர்க்க வெச்சுப் பாருங்க," என்றார்.

ஊசி ஏறும்போது அவள் அண்ணன்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் விஷம் வெக்கலைன்னு ஆச்சு மாமா. எனக்கு வெச்சவரைப் பத்தி எப்ப போலீஸுக்குப் போறீங்க?"

மேடை கிடைத்தால் இறங்காதவர், டப்பாப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.