தாடையும் ஒரு ஜோடித் தோடும்

காலை 11.15. பல் டாக்டரின் நாற்காலியில் அந்த மாமியார் சாய்ந்து கிடந்தார். தாடை உடைந்து, தலையோடு சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. மருமகள் மூலையில் விசும்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையாக.

"வரும்போதே உடைஞ்சிருந்தது, மேடம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மாவிடம். " வலிக்கு ஒரு மயக்க ஊசி போட்டேன், அவ்வளவுதான். வாயைக்கூடத் தொறந்து பாக்கல. எல்லாம் மருமக கைவரிசை."

"ஐயோ, நான் அடிக்கலைங்க! பல்லு புடுங்கத்தான் கூட்டிட்டு வந்தேன். என்னை உள்ளேயே விடலை."

மாமியார் அரைமயக்கத்தில் இல்லையென்று தலையசைத்தார்.

"பயத்துல ஆட்டுறாங்க," என்றார் டாக்டர்.

கான்ஸ்டபிள் அதற்குள் விலங்கை எடுத்துவிட்டார். மாமியார், மருமகள் என்ற இரண்டு சொல் போதும். அவருக்கு வழக்கு முடிந்துவிடும்.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து பார்த்தாள். பறை போல இறுகிய முகம். மடங்கி விறைத்த விரல்கள். இரண்டு கடைவாயிலும் புதுக் கிழிசல்.

"என்ன வியாதி?"

"தோல் இறுகுற வியாதிங்க. பத்து வருஷமாச்சு. வாய்க்குள்ள ரெண்டு விரல்தான் போகும்." மருமகள் மாமியாரின் வெறும் காதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "அத்தையோட தோடு எங்க?"

டாக்டர் சிரித்தார். "பாத்தீங்களா! தாடை போனாலும் கண்ணு தோட்டுமேலதான்."

"அவங்களே கழட்டியிருப்பாங்களோ?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"திருகுத் தோடுங்க. அந்த விரலால முடியாது. காலையில நான்தான் போட்டுவிட்டேன்."

11.40. பக்கத்து அறையில் எக்ஸ்ரே மெஷின். அதனருகே ஒரு தட்டில் தோடுகள்.

"தலையைச் சுத்திப் படம் எடுக்கத்தானே தோட்டைக் கழட்டுவீங்க?" இன்ஸ்பெக்டரம்மா அங்கிருந்த நர்ஸிடம் கேட்டாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஆமா மேடம். 10.10-க்கு எடுத்தேன். சார் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டார். மெஷின்ல இருக்கு."

"கேட்டாத்தான் வாய் தொறக்குமோ உனக்கு?"

திரையில் தாடை தெரிந்தது. அதன் மூலை எலி கொறித்த பிஸ்கட் போலத் தேய்ந்திருந்தது. ஆனால் உடையவில்லை.

"இந்த வியாதியில எலும்பு இப்படிக் கரையும் மேடம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு சொன்னேன். சார் கேக்கல."

இன்ஸ்பெக்டரம்மா திரும்பி வந்தாள்.

"வாயே பாக்காதவருக்கு எக்ஸ்ரே எதுக்கு டாக்டர்? கரைஞ்ச எலும்பைப் படத்துல பாத்தீங்க. பாத்தும், மயக்கிப்போட்டு வாயை நெம்பிப் பல்லை இழுத்தீங்க. அடிச்சா ஒரு பக்கம் கிழியும். நெம்பினாதான் ரெண்டு பக்கமும் கிழியும். ஒடிஞ்சதும் பழி போட ஒரு மருமக தயாரா நின்னா. தோட்டைத் திருப்பி மாட்டத்தான் மறந்துட்டீங்க."

டாக்டர் மறுபடியும் குழாயை நோக்கி நகர்ந்தார்.

"போதும். அதுக்குமேல வெளுக்காது. கையை நீட்டுங்க."