கடைசியாக இறங்குபவர்

பதினான்காம் எண் வீட்டின் சுவரில் அரசங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி நிறையக் கொசுப்புழு. ஆனால் கதவு நிலையில் பதித்த வாசற்செவிக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது: ஆள் இருக்கிறார்.

"ஆளா? பாம்புதான் இருக்கு," என்றாள் மூக்கம்மாள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். தகரக் கொட்டகை வரிசையில் ஒன்றில் ஐந்து பேரோடு குடியிருந்தாள். வெள்ளிக்கிழமை அந்த வரிசையையே பிரிக்கப் போகிறார்கள். காலி வீட்டைக் கண்டு சொல்பவருக்கே அந்த வீடு என்பது சட்டம். மனுப் போட்டிருந்தாள்.

மனு வந்தால் காலிவீட்டுத் துறை ஆய்வாளர் பொதுச்சாவியால் திறந்து, மனு கொடுத்தவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். ஆய்வாளர் தவசிலிங்கம் காட்டினார். பிறகு செவியைத் தட்டினார். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஆண்குரல் ஒன்று பேசியது: "போயிட்டு வரேன்."

கடைசியாக வெளியேறுபவர் சொல்வதைச் செவி பதிந்துகொள்ளும். வருவதாகச் சொன்னால் வீடு காத்திருக்கும். அவர் குரலுக்குத்தான் கதவு திறக்கும். 'போறேன்' என்றால் வீடு காலி. செவியைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, இங்கே வாசலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போன மனுசன். எரிச்சாச்சு. எப்படி சார் வருவாரு?"

"அது செவிக்குத் தெரியாதும்மா. ஒண்ணு செய். நான் முதல்ல இறங்கிடுறேன். நீ கடைசியா வந்து 'போறேன்'னு சொல்லு. காலின்னு விழுந்திடும். உன் பேருக்கு எழுதிடுறேன்."

அவர் இறங்கினார். மூக்கம்மாள் நிலையைத் தாண்டினாள். வாயைத் திறந்து மூடினாள். சாரம் சரிந்து செத்த அவள் அண்ணன், அன்று காலை அவசரத்தில் 'போறேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

"சொல்லு தாயி, எனக்கு இன்னும் ஏழு வீடு கிடக்கு."

"போயிட்டு வரேன்," என்றது நாக்கு.

பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. "இந்தக் குரலுக்காக வீடு காத்திருக்கும்," என்றது செவி.

தவசிலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்தியே! இப்ப இது ஆள் இருக்கிற வீடு. உனக்கு எழுதித் தர முடியாது."

"யாரு இருக்காங்களாம்?"

"நீதான்."

மூக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "நான் கூப்பிட்டா கதவு திறக்குமா?"

"உனக்கு மட்டுந்தான் திறக்கும்."

"அப்புறம் எழுதி என்னத்துக்கு சார்?" திரும்பி உள்ளே போய்த் தொட்டியைக் கவிழ்த்தாள்.

மறுநாள் கொட்டகை வரிசையிலிருந்து நாற்பது மனுக்கள் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் விதிப்படி நாற்பது வீட்டையும் தவசிலிங்கம் திறந்து காட்டினார். நாற்பது பேருக்கும் நாக்கு அதே மாதிரிதான் புரண்டது. செய்தி மற்ற கொட்டகைகளுக்கும் போனது.

வருடக் கடைசியில், நகரில் காலி வீடே இல்லை என்று அறிக்கை போயிற்று. அரசு மகிழ்ந்து, இனி வேலையில்லை என்று துறையை மூடியது. அரசுக் குடியிருப்பைக் காலிசெய்யும்படி தவசிலிங்கத்துக்கு உத்தரவு வந்தது. மனைவி பெட்டியோடு இறங்கிவிட்டாள். எழுத்தர் ஒருவர் வாசற்செவி அருகே குறிப்பேட்டோடு நின்றார், கடைசியாக இறங்குபவர் என்ன சொல்கிறார் என்று கேட்க.