கல்லுமடையில் இடது பக்கம்

கணினியில் எழுபத்தெட்டு கிலோமீட்டர் காட்டிய வழி, மிஷினில் ஏறியதும் எழுபத்தைந்தாகச் சுருங்கியது. பெர்சி கேபிளை உருவி, திரும்பச் செருகி, இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தாள். எழுபத்தைந்துதான். மூணாறிலிருந்து ஆனைக்கரை வரை போகிற ரோட்டில் மூன்று கிலோமீட்டரைக் காணோம். வேறு யாராவது பார்த்திருந்தால் பதறியிருப்பார்கள். பெர்சி பதறவில்லை. அந்த மூன்று கிலோமீட்டரை எடுத்தவளே அவள்தான்.

அந்த பைக் டூர் ஆபீஸில் அவளுக்கு இதுதான் வேலை. கணினி மேப்பில் வழி போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டுகிற ஜிபிஎஸ் மிஷினுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு லேசு. ஆனால் கணினியில் வரைந்த கோடு அப்படியே மிஷினுக்குள் போகாது, வழியில் குத்திய புள்ளிகள் மட்டும்தான் போகும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே மிஷின் தன் மேப்பைப் பார்த்து, தன் புத்திக்கு எட்டின குறுக்கு ரோட்டில் கோட்டைப் புதிதாக இழுத்துக்கொள்ளும். அதனால் ரோடு பிரிகிற இடத்திலெல்லாம் புள்ளிகளை நெருக்கிக் குத்த வேண்டும், கொடிக்கயிறு தொய்யாமல் இருக்க ஆணி அடிக்கிற மாதிரி. கல்லுமடை முக்கில் நான்கு புள்ளிகள் இருந்தன. இன்று காலையில் நான்கையும் பிடுங்கிவிட்டாள்.

கல்லுமடை முக்கில் மெயின் ரோடு வலது பக்கம் வளையும். இடது பக்கம் பழைய எஸ்டேட் ரோடு. மிஷினின் மேப்பில் அந்த ரோட்டில் இன்னமும் ஒரு பாலம் இருக்கிறது. நிஜத்தில் பாலம் வெள்ளத்தோடு போய், இருநூறு அடிப் பள்ளம் வாயைப் பிளந்து கிடக்கிறது. குறுக்கே வைத்திருந்த தகரத் தடுப்பையும் எவனோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன், இதே ஆபீஸில் வழிகாட்டியாக இருந்த அவள் அண்ணன் இன்னாசிராஜ், ஒரு மழை நாளில் புது வழியைப் பார்த்துவரப் போனான். ஓனர் ஜோமோன் அவசர அவசரமாக ஃபைலைப் போட்டுக் கொடுத்திருந்தான், கல்லுமடையில் ஒரு புள்ளிகூடக் குத்தாமல். முக்கில் நின்று இன்னாசி போன் செய்ததை ஸ்பீக்கரில் பெர்சி தன் காதால் கேட்டாள்.

“சேட்டா, மிஷின் இடது பக்கம் காட்டுது. முன்னால ஒண்ணுமே தெரியல. போகவா?”

ஜோமோன் சாயாவை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். “மிஷின் சொல்றபடி போடா. உன்னக்காட்டிலும் அதுக்கு அறிவுண்டு.”

பைக் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே ஜோமோன் ஃபைலில் நான்கு புள்ளிகளைக் குத்திவிட்டு, ஸ்டேஷனில் போய், பையன் குடித்திருந்தான் சாரே என்று வாய் கூசாமல் சொன்னான். ஒரு சொட்டுத் தொடாதவனை! லயத்து வீடுகளில் நாலு பேர் அதை நம்பவும் செய்தார்கள். நேற்றுக் கல்லறைத் திருநாள். எஸ்டேட்டே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்க, அவள் அம்மா மதலேனம்மாள் ஏற்றுவதற்கு ஒரு குழி இல்லாமல், கொளுத்தாத மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றாள். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அது நிற்கிற வரைக்கும் காத்திருக்க பெர்சியால் ஆகாது.

எழுபத்தைந்து காட்டிய அந்த மிஷினை மாட்டிக்கொண்டு ஜோமோன் இரண்டு மணிக்குக் கிளம்பினான். டூருக்கு வந்த விருந்தாளிகள் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஒருவர் போய் ரோடு பார்ப்பது வழக்கம். பார்க்கிற ஆளுக்கு இன்று காய்ச்சல் என்பதால் ஓனரே போக வேண்டியதாயிற்று. விருந்தாளிகள் நான்கு பேரும் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து வந்த பெண்கள். அவர்களுடைய மிஷின்களில் பெர்சி நேற்றே சரியான வழியை ஏற்றியிருந்தாள். எழுபத்தெட்டு. அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான்கையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் வைத்திருந்தாள்.

ஜோமோன் போன பிறகு பனிமூட்டம் இறங்கியது. முதலில் எதிர்க்கடைப் பலகை மறைந்தது, பிறகு ரோடு, பிறகு முற்றத்தில் நின்ற பைக்குகள் வெறும் நிழலாயின. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தமும், எங்கோ ஒரு ஜீப் கியர் மாற்றுகிற சத்தமும், மூடிய ஜன்னலைத் தாண்டி எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஈர மண் வாசனையும் அவளைச் சுற்றி நின்றன. தேயிலைத் தோட்டத்து மண்ணின் வாசனை அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. வெகுநாள் தண்ணீருக்கடியில் கிடந்த சேற்றின் வாசனை. மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, திரையில் நகர்கிற ஜோமோனின் சிவப்புப் புள்ளியையே பார்த்தாள். அது கல்லுமடையை நெருங்கிக்கொண்டிருந்தது.

விருந்தாளிகளில் மூத்தவளான பிரதீபா, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனம்மிணி, இந்த மிஷின்ல நேத்து எழுபத்தெட்டுன்னு காட்டுச்சு. இப்ப ஆன் பண்ணுனா எழுபத்தஞ்சுங்குதே?”

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. ஜோமோன்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்க்கா. போயிட்டு வாங்க,” என்று கையை ஆட்டிவிட்டு பெர்சி போனை எடுத்தாள். வெளியே நான்கு பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக் கிளம்பின.

“பெர்சி,” ஜோமோனின் குரல் கம்மியிருந்தது. “கையை நீட்டினா கை தெரியல. மிஷின் இடது பக்கம் காட்டுது. இது கல்லுமடை முக்கா?”

பயப்படுகிறான். இரண்டு வருஷமாக அந்த முக்கைத் தனியாகத் தாண்டாதவன். பெர்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சொல் போதும், ஆளைத் திருப்பிவிடலாம்.

“கல்லுமடை கழிஞ்சாச்சு, சேட்டா,” என்றாள். “மிஷின் சொல்றபடி போங்க. உங்களக்காட்டிலும் அதுக்கு அறிவுண்டு.”

அவனுக்குப் புரிந்ததோ, இல்லை மறந்தே போனதோ. லைன் அறுந்தது. சிவப்புப் புள்ளி இடது பக்கம் திரும்பியது. மெல்ல ஊர்ந்தது. பிறகு நின்றது.

வேணும். நல்லா வேணும். அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சந்தோஷமாக இருந்தது, நெஞ்சில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த கல் உருண்டு போன மாதிரி. அழுகையும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்படியே அரை மணி போனது. கண்ணைத் துடைத்துவிட்டு, விருந்தாளிகளின் நான்கு பச்சைப் புள்ளிகள் எங்கே போகின்றன என்று சும்மா பார்த்தாள்.

எழுபத்தஞ்சுங்குதே.

ஐயோ மாதாவே!

காலையில் புள்ளிகளைப் பிடுங்கியதும் பழைய ஃபைலின் மேலேயே சேமித்திருந்தாள், அதே பெயரில், அதே ஃபோல்டரில். ஆபீஸ் வைஃபைக்குள் எந்த மிஷினை ஆன் செய்தாலும் அது அந்த ஃபோல்டரைப் பார்த்துத் தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளும். போன மாதம் அவளே கெட்டிக்காரத்தனமாகச் செய்துவைத்த ஏற்பாடு. முற்றத்தில் நின்று நான்கு பேரும் மிஷினை ஆன் செய்திருக்கிறார்கள்.

பிரதீபாவின் எண்ணை அழுத்தினாள். எட்டவில்லை. மறுபடியும். எட்டவில்லை. பச்சைப் புள்ளிகள் கல்லுமடைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில். மறுபடியும். அரைக் கிலோமீட்டர். மணி அடித்தது.

“சொல்லுங்கம்மிணி.”

“அக்கா, நில்லுங்க! இடது பக்கம் போகாதீங்க! அங்க பாலம் இல்ல!”

“அட, நின்னுட்டுத்தானுங்க இருக்கறோம். ஒண்ணும் பயமில்லீங்க, வழி காட்டறதுக்கு இங்க ஆள் நிக்கறாரு. உங்க ஆபீஸ் ஜாக்கெட்டுத்தான் போட்டிருக்காரு. தொப்பலா நனைஞ்சுட்டாரு பாவம், மூஞ்சியெல்லாம் சேறு.”

“ஜோமோன் சேட்டனா?”

“பேரு கேட்டேனுங்க. இன்னாசிராஜுன்னாரு.”

சேற்று வாசனை குப்பென்று அடித்தது.

“அவர்ட்ட போனக் குடுங்க,” என்றாள் பெர்சி.

தண்ணீர் ஓடுகிற சத்தம். வெகு பக்கத்தில். காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி.

“ஏளா பெர்சி.”

அவன்தான். ஏளா என்று அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் உண்டு.

“அண்ணே... அவங்கள விட்ருண்ணே. உனக்குப் புண்ணியமாப் போகும். அவங்க ஒரு தப்பும் செய்யலண்ணே.”

“நானும்தாம்ளா செய்யல.”

பச்சைப் புள்ளி ஒன்று இடது பக்கம் திரும்பியது. அதன் பின்னால் இரண்டாவது. மூன்றாவது. நான்காவது கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு அதுவும் போனது.

ஃபயர் ஃபோர்ஸுக்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்கூட்டரை எடுத்தாள். பதினான்கு கிலோமீட்டர். ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டு அவள் முகத்துக்கே திரும்பியது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, அடுத்த வார்த்தை வராமல், தொடங்கினதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எதிரே ஒரு வண்டி வரவில்லை. ஒரு ஜீப்பாவது வந்திருக்கலாம்.

கல்லுமடை முக்கில் யாரும் இல்லை. தார் ரோட்டில் ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது. வெறுங்கால். இடது பக்கம் போனது.

திரும்பினாள். பழைய ரோட்டில் புல் முளைத்திருந்தது. புல்லில் ஐந்து டயர் தடங்கள். பிரேக் பிடித்த அடையாளமே இல்லை. ரோடு முடிகிற இடத்துக்குப் பத்தடி முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தாள். கீழே, வெகு ஆழத்தில், ஆறு இரைந்தது.

“அக்கா!”

விளிம்பை நோக்கி இரண்டடி நடந்தாள்.

“பிரதீபாக்கா!”

பனி கொஞ்சம் விலகியது. பள்ளத்துக்கு மேலே, பாலம் இருந்த உயரத்தில், வெறும் காற்றில், ஐந்து ஹெட்லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரே வரிசை. ஆடவில்லை, அசையவில்லை. ஐந்தும் அவள் பக்கம் பார்த்து நின்றன. நடு விளக்குக்குப் பின்னால் ஜோமோனின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வாயிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அவர்களுக்கு முன்னால், ரோட்டின் விளிம்பில், இன்னாசி நின்றான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. இரண்டு வருஷமாக வீட்டு ஆள் ஒருவர்கூட வரவில்லையே என்று ஏங்கிக் கிடந்தவனின் முகம். வா என்று கையை ஆட்டினான். பிறகு பின்னால் திரும்பி, அவர்களுக்கு ஏதோ சைகை காட்டினான்.

ஐந்து விளக்குகளும் ஒதுங்கி, நடுவில் இன்னொரு வண்டிக்கு இடம் விட்டன.